டீச்சர் குடிக்காத தண்ணீர்

மாஸ்டருக்குச் சர்க்கரை வியாதி இல்லை என்று பரிசோதனை முடிவு வந்த அன்று, முதியோர் இல்லத்தில் அதைக் கேட்டு முகம் வாடிய ஒரே மனிதர் மாஸ்டர்தான்.

நர்ஸ் காகிதத்தை ஆட்டிக்கொண்டே அறைக்குள் வந்தாள். "ஐயா, சர்க்கரை இல்லை. கிட்னி நல்லா இருக்கு. எல்லாம் நல்லா இருக்கு. அப்புறம் எதுக்கு இப்படி நிமிஷத்துக்கு ஒரு தடவை பாத்ரூமுக்கு ஓடறீங்க?"

"வயசாச்சேம்மா" என்று மென்று விழுங்கினார் மாஸ்டர். சொன்ன கையோடு எழுந்து ஓடினார்.

வியாதி என்று ஏதாவது வந்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பழியை அதன் தலையில் போட்டிருக்கலாம். இப்போது உண்மையை வெளியே சொல்லவும் வழியில்லை, உள்ளே வைத்துக்கொள்ளவும் இடமில்லை. திருடனுக்குத் தேள் கொட்டின நிலைமை. பயப்பட வேண்டாம், இது நல்லபடியாக முடிந்த கதைதான். முடிந்துவிட்ட தைரியத்தில்தான் இப்படிக் கிண்டலாகச் சொல்ல முடிகிறது. நடந்துகொண்டிருந்தபோது ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

மாஸ்டர் என்றதும் பள்ளிக்கூடம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் தையல்கடையில் கட்டிங் மாஸ்டர். பள்ளிக்கூடம் அவர் மனைவியுடைய பக்கம். ஊரே அந்த அம்மாவை டீச்சர் என்று கூப்பிட்டது. கல்யாணமான நாளிலிருந்து மாஸ்டரும் டீச்சர் என்றே கூப்பிட்டார். வீட்டுக்குள்ளும் டீச்சர்தான், சண்டையிலும் டீச்சர்தான்.

சின்ன வயதில் ஒரு கடையில் பொத்தான் தைக்க உட்கார்ந்தவர், பொத்தான் துளைக்குக் காஜா எடுத்து, மெஷின் மிதித்து, கடைசியில் கத்தரியைப் பிடித்தார். கத்தரி பிடித்த பிறகு அவருக்கென்று ஒரு சட்டம் வைத்துக்கொண்டார்: அளவு எடுக்கிறவன் வாயைத் திறக்கக் கூடாது. ஒருவருக்கு ஒரு தோள் இறங்கியிருக்கும். மாஸ்டர் அந்தப் பக்கம் கொஞ்சம் பஞ்சு வைத்துத் தைப்பார். போட்டுப் பார்ப்பவர் கண்ணாடியில் தன்னைப் பார்த்து, "பரவாயில்லையே, நிமிர்ந்துட்டேனே" என்று நினைத்துக்கொண்டு போவார். ஒருவருக்குத் தொப்பை. ஒரு பெண்ணுக்கு ஒரு கை சற்றுக் குட்டை. எல்லாம் மாஸ்டருடைய விரலுக்குத் தெரியும், அவர் நாக்குக்குத் தெரியாது. அடுத்தவருடைய குறையை அவருக்கே தெரியாமல் மூடிக் கொடுப்பதுதான் தொழில் என்று நம்பினார். நல்ல கொள்கைதான். துணியோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

டீச்சர் அவர் வாழ்க்கைக்குள் வந்ததே சண்டை போட்டுக்கொண்டு. பள்ளிக்கூடத்துச் சீருடை முழுவதும் அந்தக் கடையில்தான் தைத்தார்கள். ஒரு நாள் காலையில் ஒல்லியாக ஒரு பெண், கை நிறையக் கால்சட்டைகளோடு படியேறி வந்து அவர் மேஜையில் போட்டாள்.

"இதைத் தச்சது யாரு?"

"நான்தாங்க வெட்டினேன்."

"என் பசங்க யாரும் விளையாட்டு வகுப்புல குனிய மாட்டேங்கறாங்க. குனிஞ்சா பின்னாடி டர்ர்ருனு கிழியுது. குனியாம என்ன விளையாட்டுங்க விளையாடுறது? நின்னுக்கிட்டே வேடிக்கை பார்க்கறதா?"

மாஸ்டர் எல்லாவற்றையும் பிரித்து, இரட்டைத் தையல் போட்டு, அவரே பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். அதற்கப்புறம் எந்தக் கால்சட்டையும் கிழியவில்லை; ஆனாலும் மாஸ்டர் தையல் தாங்குகிறதா என்று விசாரிக்க அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அடிக்கடி போக ஆரம்பித்தார். ஒரு வருஷத்துக்குள் கல்யாணம்.

டீச்சர் குருவி மாதிரிச் சாப்பிடுவார். தட்டில் எப்போதும் பாதி மிச்சம். வெட்டி மிஞ்சிய துணியைக்கூடக் காலருக்குள் வைத்துத் தைக்கிற மாஸ்டருக்கு மிச்சம் என்பதே ஆகாது. சத்தம் போடாமல் அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். அம்மா தட்டில் பாதி அப்பாவுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது எல்லா வீட்டிலும் உள்ள நடைமுறை என்றே அவர்கள் மகள் ரொம்ப நாள் நினைத்திருந்தாள்.

சாப்பாடாவது பாதி. தண்ணீர் அதுவும் கிடையாது. டீச்சர் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கு என்று இருந்த கழிப்பறை மைதானத்தின் அந்தக் கோடியில். ஆசிரியை அவ்வளவு தூரம் போய் வருவதற்குள் வகுப்பு சந்தைக்கடையாகிவிடும். அதனால் காலையில் அரை டம்ளர், அவ்வளவுதான். மீதியை வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று உடம்பைப் பழக்கியிருந்தார். தாகம் எடுக்கிற புத்தியே அவர் உடம்பிலிருந்து போய்விட்டது. பணி ஓய்வு பெற்ற பிறகும் அது திரும்பி வரவில்லை.

வயதான பிறகு மாஸ்டருக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தது. டீச்சருக்கு இரண்டு முழங்காலும் போயின. மகள் தூரத்து ஊரில் வேலையில் இருந்தாள். மூவரும் உட்கார்ந்து பேசித்தான் முதியோர் இல்லத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அழுகை, கண்ணீர், கைவிட்டுவிட்டாளே என்ற புலம்பல், ஒன்றும் இல்லை. இருவரும் கேட்டது ஒன்றே ஒன்று: ஒரே அறை. கிடைத்தது. இரண்டு கட்டில், நடுவில் ஒரு சின்ன மேஜை, வண்டிகள் நிறுத்துகிற முற்றத்தைப் பார்த்த ஜன்னல். மேஜைமேல் மாஸ்டருக்கு நீல டம்ளர், அதற்குப் பக்கத்தில் டீச்சருக்கு மஞ்சள் டம்ளர். தள்ளுவண்டி வரும்போதெல்லாம் நர்ஸ் இரண்டையும் நிரப்பிவிட்டுப் போவாள். பாத்ரூம் மட்டும் நடைபாதையின் கடைசியில். டீச்சரைக் கூட்டிக்கொண்டு போக ஆள் வேண்டும். மாஸ்டர் தூக்கிவிடக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. ஒரு தடவை முயற்சி செய்து இருவரும் சேர்ந்தே விழுந்திருந்தார்கள்.

அது நடந்தது ஒரு மதியம். எல்லோரும் பொதுக்கூடத்தில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சருக்கு அவசரம். கத்திக் கூப்பிடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரியே கையைத் தூக்கினார். கூடத்தின் அந்த மூலையில் ஒருவருக்கு ஊட்டிக்கொண்டிருந்த நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். டீச்சர் கையசைக்கிறார் என்று நினைத்து, சிரித்த முகத்தோடு பதிலுக்குக் கையசைத்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

டீச்சர் தூக்கிய கையை இறக்கவில்லை. மாஸ்டர் நர்ஸைக் கூப்பிட எழுந்து, கைத்தடியைத் தேடி, நாலு எட்டு வைப்பதற்குள் நாற்காலி நனைந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் தன் நாற்காலியை மெதுவாகத் தள்ளிப் போட்டுக்கொண்டார். அவர் செய்தது அவ்வளவுதான், அதுவே போதுமானதாக இருந்தது. வருகைப் பதிவில் ஒரு தலைமுறையையே எழுந்து நிற்க வைத்தவர், அன்றைக்குத் தலை குனிந்துகொண்டு அறைக்குப் போனார்.

அன்று சாயங்காலம் டீச்சர் சொன்னார்: "என்னங்க, இனிமே நான் தண்ணி குடிக்கப் போறதில்லை. மாத்திரைக்கு ஒரு மடக்கு போதும். நர்ஸ் கேட்டா குடிச்சாச்சுன்னு சொல்லுங்க. யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. முக்கியமா பொண்ணுகிட்ட."

"சரி டீச்சர்" என்றார் மாஸ்டர்.

கீழே ஊற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஜன்னலில் கொசுவலை அடித்திருந்தது. கை கழுவும் தொட்டி நர்ஸ் மேஜைக்கு நேர் எதிரே. அதெல்லாம் இருக்கட்டும், மாஸ்டருக்கு ஊற்றத் தோன்றவே இல்லை என்பதுதான் நிஜம். அவருக்குத் தெரிந்ததெல்லாம் டீச்சருடைய மிச்சத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வது. மஞ்சள் டம்ளரை எடுத்தார், குடித்தார், வைத்தார். அப்புறம் நீல டம்ளரையும் குடித்தார். அது காலியாகாவிட்டால் நர்ஸ் அவரைப் பிடித்துக்கொள்வாளே.

நர்ஸுக்கு ஒரே பூரிப்பு. "டீச்சரம்மா ஒரு சொட்டு விடாம குடிக்கிறாங்க!" என்று மற்ற அறைகளில் போய் உதாரணம் காட்டினாள். நன்றாகக் குடிக்கிறவருக்கு இன்னும் கொஞ்சம் கொடுப்போமே என்று பழச்சாறு வந்தது, சூப் வந்தது, தர்பூசணித் துண்டு வந்தது. எல்லாம் மாஸ்டருடைய வயிற்றுக்குள் போயின. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் போலிருக்கிறது, இத்தனை தண்ணீரை ஒரு கிழவருக்குள் மறைப்பது கஷ்டம். அவர் நடைபாதையில் போவதும் வருவதுமாக இருந்தார். கால்சட்டை இடுப்பில் இறுக்கியது. ஊசியும் நூலும் கேட்டு வாங்கி, அதைத் தானே பிரித்துவிட்டுக்கொண்டார். சர்க்கரைப் பரிசோதனை வந்தது இந்தக் கட்டத்தில்தான்.

அதே நாட்களில் டீச்சர் பகலிலும் தூங்க ஆரம்பித்தார். பேச்சு நடுவில் அறுந்தது. கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டே கண்ணாடியைத் தேடினார். வயதுதானே என்று மாஸ்டர் சமாதானம் செய்துகொண்டார். பிறகு ஒரு காலை, டீச்சர் கட்டிலில் உட்கார்ந்தபடி ஜன்னலைப் பார்த்து வருகைப் பதிவு எடுத்தார். பதில் வராத பெயருக்கெல்லாம் கோபம் வேறு. மாஸ்டர் பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டார்.

டீச்சர் நிமிர்ந்து அவரை மேலும் கீழும் பார்த்தார். "யாருப்பா நீ? எந்த வகுப்பு?"

"நான்தான், டீச்சர்" என்றார் மாஸ்டர். அந்தப் பதில் டீச்சருக்குப் போதவில்லை. "போய் உன் இடத்துல உட்காரு" என்றார். மாஸ்டர் தன் கட்டிலில் போய் உட்கார்ந்தார்.

மாஸ்டருக்கு இதையும் அதையும் சேர்த்து யோசிக்கத் தெரியவில்லையா என்று எரிச்சல் வருகிறது, எனக்கும் வந்தது. ஆனால் ஒரு பொய்யை நாலு தடவை சொன்னால் சொன்னவனே நம்பிவிடுவான். தினமும் காலி மஞ்சள் டம்ளரைப் பார்த்து, "அம்மா நல்லாக் குடிக்கிறாங்க" என்று நர்ஸ் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, டீச்சர் உடம்புக்குள் தண்ணீர் போய்க்கொண்டிருப்பதாக அவருக்கே ஒரு நினைப்பு வந்துவிட்டது.

இல்லத்துக்குப் பின்னால் ஒரு தனிக் கட்டடம் உண்டு. நினைவு தப்பியவர்கள் அங்கே இருப்பார்கள். நல்ல இடம்தான், நல்ல கவனிப்புதான், ஆனால் கதவுக்குப் பூட்டு உண்டு. கணவனானாலும் மனைவியானாலும் சாயங்காலம் வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும். டீச்சரை அங்கே மாற்றலாம் என்று பேச்சு எழுந்தது. மகள் ஓடி வந்தாள். அம்மா அவளைப் பார்த்து, "உங்க பையன் நல்லாப் படிக்கிறான், கவலைப்படாதீங்க" என்றார். மகள் வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

வாராவாரம் வருகிற டாக்டர் மறுநாள் காலை வந்தார். அந்த டாக்டரம்மா நிதானமானவர். டீச்சரை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், இமையை இழுத்துப் பார்த்தார், நாடி பிடித்தார், உட்கார வைத்து ஒரு தடவையும் நிற்க வைத்து ஒரு தடவையும் ரத்த அழுத்தம் பார்த்தார். முகம் சுருங்கியது.

"நாக்கு காஞ்சு கிடக்கே. தண்ணி குடிக்கிறாங்களா?"

"அதுல ஒரு குறையும் இல்லை டாக்டர்" என்றாள் நர்ஸ். "இந்த மாடியிலேயே நல்லாக் குடிக்கிறது இவங்கதான். டம்ளர் எப்பவும் காலி."

"சிறுநீர் சரியாப் போகுதா?"

நர்ஸ் யோசித்தாள். "அது... கம்மிதான். ஐயாதான் அடிக்கடி போறாரு."

"நல்லாத்தான் குடிக்கிறாங்கன்னா அப்போ வேற காரணம்தான்" என்றார் டாக்டர். மகள் பக்கம் திரும்பினார். "இவ்வளவு வேகமா குழப்பம் வந்திருக்கு. பெரிய ஆஸ்பத்திரியில பார்க்கணும். அதுவரைக்கும் பின்னாடி கட்டடத்துல வெச்சிருந்தா பாதுகாப்பு. கூட்டிட்டுப் போகட்டுமா?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். "அப்பா, நீங்க என்ன சொல்றீங்க?"

மாஸ்டர் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்றிருந்தார். காலை வண்டி வந்து போய்விட்டது. இரண்டு டம்ளரும் அவருக்குள் இருந்தன. அவசரம் முட்டிக்கொண்டு வந்தது. டாக்டர் கேட்ட இரண்டு கேள்வியும் அப்போதுதான் அவர் மண்டையில் ஒன்றோடு ஒன்று ஒட்டின. டீச்சருக்குள் போகாத தண்ணீர் எங்கே போயிற்று என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் அவர். வாயைத் திறந்தால் டீச்சருக்குக் கொடுத்த வாக்கு போச்சு, நாற்காலி நனைந்த கதை மகள் முன்னால் வந்துவிடும். திறக்காவிட்டால் டீச்சரே போய்விடுவார். வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் குறையைச் சொல்லாத மனிதருக்கு நாக்கு புரள மறுத்தது.

"அது நான் குடிச்சது" என்றார்.

ஒருவருக்கும் புரியவில்லை.

"டீச்சர் தண்ணியை நான் குடிச்சேன். பழச்சாறையும் நான்தான் குடிச்சேன். சூப்பு, தர்பூசணி, எல்லாம் நான்தான். அவங்க மாத்திரைக்கு ஒரு மடக்கு குடிக்கிறதோட சரி. மத்ததெல்லாம் நான். இருங்க, வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டுக் கைத்தடியைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் ஓடினார்.

திரும்பி வந்தபோது மூவரும் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்கள். மாஸ்டர் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கையைத் தூக்கியது, நர்ஸ் கையசைத்தது, பக்கத்து நாற்காலி நகர்ந்தது, எல்லாம். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, எனக்கு டாட்டா காட்டுறாங்கன்னு நினைச்சேனே" என்று அழுதேவிட்டாள்.

மகள்தான் வெடித்தாள். "அப்பா! அம்மா சொன்னா நீங்க எதுக்குமே மாட்டேன்னு சொல்ல மாட்டீங்களா? விஷத்தைக் குடுத்திருந்தா அதையும் சேர்த்துக் குடிச்சிருப்பீங்களா?"

"மிச்சம் வெச்சிருந்தாங்கன்னா..." என்று ஆரம்பித்தார் மாஸ்டர். மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் சிரிப்புமாக அப்பாவின் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

டாக்டர் ஏற்கெனவே வேலையில் இறங்கியிருந்தார். ரத்தம் எடுத்தார், சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதினார், டீச்சர் கையில் ஊசி குத்தி மெதுவாகச் சலைன் இறங்க வைத்தார். "வயசானவங்களுக்குத் தாகமே தெரியாது. உடம்பு வறண்டா முதல்ல மூளைதான் தடுமாறும். பார்க்கிறவங்களுக்கு நினைவு போன மாதிரியே இருக்கும். ரெண்டு மூணு நாள் பார்ப்போம்" என்றார். கதவருகே போய்த் திரும்பினார். "ஐயா, உங்க ரெண்டு பேருக்கும் ஒரே வியாதிதான். அவங்களுக்குத் தண்ணி குறைஞ்சு போச்சு, உங்களுக்கு நிறைஞ்சு போச்சு. நீங்களும் டெஸ்டுக்கு ரத்தம் குடுங்க, இவ்வளவு தண்ணியில ரத்தத்துல உப்பு என்ன ஆச்சுன்னு பார்க்கணும்."

பின்கட்டடப் பேச்சு அன்றோடு நின்றது.

அந்த இரண்டு மூன்று நாட்கள் மாஸ்டருக்கு யுகம். நர்ஸ் டீச்சரைக் கேட்காமலேயே முதலில் பாத்ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போய் வருவாள், அப்புறம்தான் டம்ளர். அதுவும் கால் கால் டம்ளராக, பக்கத்தில் உட்கார்ந்து, குடித்து முடிக்கிறவரைக்கும். பாத்ரூமுக்கு எதிர் அறை காலியாகியிருந்தது. இருவரையும் அங்கே மாற்றினார்கள். அறை மாறினாலும் கட்டில் இரண்டும் பக்கத்தில் பக்கத்திலேயே. டீச்சர் முதல் நாள் தூங்கினார். இரண்டாம் நாள் வருகைப் பதிவு எடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில், மகள் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது, "உனக்கு லீவு எத்தனை நாள்டி? இங்கயே உட்கார்ந்திருந்தா வேலை என்ன ஆகும்?" என்று கேட்டார்.

மகள் சீப்பைக் கீழே போட்டுவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டாள். வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது என்று பிறகு ஊருக்குப் போகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நடந்ததை மெதுவாக, மேலோட்டமாக, அவள்தான் அம்மாவுக்குச் சொன்னாள். நர்ஸ் வந்து டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே நீங்க கையைத் தூக்கினா கையில என்ன இருந்தாலும் போட்டுட்டு வருவேம்மா" என்றாள். டீச்சர் அவள் தலையைத் தடவி, "ஊட்டிக்கிட்டு இருந்தா போட்டுட்டு வராதே, ஒரு வாய் குடுத்துட்டு வா" என்றார்.

மாஸ்டர் இதையெல்லாம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் நிமிர்ந்தார். கண்ணாடி வழியாக அவரை நேராகப் பார்த்தார். முகம் சிவந்தது. ஒரு வார்த்தை பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மாஸ்டர் கட்டில் வரைக்கும் போய், "டீச்சர்" என்றார். பதில் இல்லை. "டீச்சர், வேற வழி தெரியலை, சொல்லிட்டேன்" என்றார். போர்வை தலைக்கு மேல் ஏறியது.

அன்று முழுவதும் அப்படித்தான். மகளோடு பேச்சு, நர்ஸோடு பேச்சு, அறையைக் கூட்ட வந்த பெண்ணிடம் அவள் பிள்ளைகள் படிப்பைப் பற்றி விசாரணை. தன் டம்ளரைத் தானே எடுத்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். மாஸ்டர் பக்கம் மட்டும் தலை திரும்பவில்லை.

சாயங்காலம் நர்ஸ் பார்த்தபோது மாஸ்டர் நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் பதறிப்போய் ஓடி வந்தாள்.

"என்னாச்சு ஐயா? வலிக்குதா?"

"டீச்சர் என்கூடப் பேச மாட்டேங்கறாங்கம்மா."

"அதுக்கா இப்படி அழறீங்க? கோபம் போனதும் பேசுவாங்க ஐயா."

மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் அவர் சிரித்துக்கொண்டிருப்பது நர்ஸுக்குத் தெரிந்தது.

"எல்லார்கிட்டயும் பேசறாங்க பார்த்தியா?" என்றார். "என்கிட்ட மட்டும்தான் பேச மாட்டேங்கறாங்க. நான் யாருன்னு அவங்களுக்கு நல்லாத் தெரியுது."